வலி நின்றுவிட்டது, இனி பல்லை அப்படியே விட்டுவிடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 41. சில வருடங்களுக்கு முன்பு வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் செய்துகொண்டேன். ஊசி போட்டும் சரியாக மரக்கவில்லை, உயிர் போகிற வலி. முடிந்ததும் பல்லின் மேல் மாட்டும் உறையான கேப் போட வரச் சொன்னார்கள். வலிதான் போய்விட்டதே என்று நான் போகவில்லை. கொஞ்ச காலத்தில் அந்தப் பல் உடைந்து, இப்போது ஈறோடு ஒட்டி ஒரு துண்டுதான் நிற்கிறது. இப்போது இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் பிரச்சினை. பத்து நாள் ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் வலித்தது. பிறகு திடீரென்று ஒருநாள் வலி சுத்தமாக நின்றுவிட்டது. ஈறில் சின்னதாக ஒரு கொப்புளம் மட்டும் வருகிறது, போகிறது. மருத்துவர் ரூட் கெனால் செய்ய வேண்டும் என்கிறார். வீட்டில் "வலியே இல்லாதபோது எதற்குக் கை வைக்கிறாய், மறுபடி தொல்லை கொடுத்தால் பிடுங்கிப் போட்டுவிடு" என்கிறார்கள். ரூட் கெனால் செய்த பல் உடம்பில் வேறு நோய்களைக் கொண்டுவரும் என்றும் எங்கோ படித்தேன். என்ன செய்வது என்றே தெரியவில்லை.

ஆலோசனை: உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்தக் கொப்புளம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் காப்பாற்றக்கூடிய நிலையில் இருந்தால் ரூட் கெனால் செய்துகொள்ளுங்கள், இந்த வாரமே நாள் குறித்துவிடுங்கள். கேப் போட்டு முடியும்வரை சிகிச்சை முடியவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வலி ஏன் நின்றது என்று பார்ப்போம். பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான திசு இருக்கிறது. அதைப் பல்கூழ் என்போம். சொத்தை ஆழமாகி அங்கே கிருமி போய்ச் சேர்ந்தால் கூழ் வீங்கப் பார்க்கும். உடம்பில் வேறு எங்கே வீங்கினாலும் தோல் கொஞ்சம் விரிந்து இடம் கொடுக்கும். பல்லுக்குள் சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடமே கிடையாது. உள்ளே அழுத்தம் ஏறும், படுத்தால் தலைப் பக்கம் ரத்த ஓட்டம் கூடி இன்னும் ஏறும். ராத்திரியில் நீங்கள் பட்ட பாடு அதுதான். கடைசியில் ரத்த ஓட்டமே நின்று கூழ் செத்துப்போகும். செத்த நரம்பு வலிக்காது. அன்றைக்கு நின்றது வலி மட்டும்தான். கிருமிகள் அந்தச் செத்த திசுவில் பெருகி, வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்குகின்றன. அங்கே சேரும் சீழ் எலும்பைக் கரைத்து, ஈறைத் துளைத்து வெளியே வழி தேடிக்கொள்கிறது. உங்கள் கொப்புளம் அந்த வழியின் வாசல். சீழ் வடிந்துகொண்டே இருப்பதால் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாததால் வலி இல்லை. வாசல் என்றைக்காவது அடைபட்டால் முகம் வீங்கும்.

ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டால் கொப்புளம் அமுங்கிவிடும், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை என்கிறபோது மருந்து அங்கே எப்படிப் போகும்? கிருமி உள்ளேயே பத்திரமாக இருக்கும், மாத்திரை முடிந்ததும் மறுபடி கிளம்பும். காய்ச்சலும் பரவுகிற வீக்கமும் இருந்தால் மாத்திரை தேவைப்படும். அப்போதும் பல்லுக்குள் இருக்கும் மூலத்தைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

உங்கள் மருத்துவர் வெறுமனே பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க மாட்டார். நாங்கள் குளிர்ந்த ஸ்பிரே அடித்த சிறு பஞ்சை எடுத்துப் பல்லின் மேல் வைப்போம். நல்ல பல்லாக இருந்தால் சுருக்கென்று ஒரு குளிர்ச்சி தெரியும், பஞ்சை எடுத்த ஒன்றிரண்டு விநாடியில் போய்விடும். கூழ் மீள முடியாத அளவுக்கு வீங்கியிருந்தால் பஞ்சை எடுத்த பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வலி நின்று விளையாடும். செத்துப்போன பல்லில் எதுவுமே தெரியாது, "வைத்துவிட்டீர்களா டாக்டர்?" என்று கேட்பார்கள். அப்புறம் வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் பிடியால் பல்லை மெல்லத் தட்டிப் பார்ப்போம். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்த இடம் கறுப்பு நிழலாகத் தெரியும். எந்தப் பல்லிலிருந்து சீழ் வருகிறது என்று சந்தேகம் வந்தால், கொப்புளத்தின் துளை வழியாக வளையக்கூடிய மெல்லிய குச்சி ஒன்றை நுழைத்து எக்ஸ்ரே எடுப்போம். அது நேராகக் குற்றவாளிப் பல்லின் வேருக்குப் போய் நிற்கும். இந்தச் சோதனைகளில் எதெல்லாம் செய்தார்கள், என்ன தெரிந்தது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல்லில் வலி என்றாலே ரூட் கெனால்தான் என்று யாராவது சொன்னால் அப்படியே ஒத்துக்கொள்ள வேண்டாம். குளிர்ச்சியாக ஏதாவது குடித்தால் கூசி உடனே போய்விடுகிறது, தானாக வலிப்பதில்லை, ராத்திரி எழுப்புவதில்லை என்றால் பெரும்பாலும் சொத்தையை எடுத்துவிட்டு ஃபில்லிங் செய்தாலே போதும். கூழ் கொஞ்சம் வெளியே தெரிந்தாலும்கூட, அது ஆரோக்கியமாக இருந்தால் மேலே மருந்து வைத்து மூடி உயிரோடு காப்பாற்றப் பார்ப்போம். உங்கள் பல் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

சரி, பயத்துக்கு வருவோம். போன முறை பட்ட வலி உங்கள் மனதில் அப்படியே இருக்கிறது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். கொழுந்துவிட்டு வலிக்கிற கீழ்க் கடைவாய்ப் பல்லை மரக்கவைப்பதுதான் எங்கள் தொழிலிலேயே கஷ்டமான வேலைகளில் ஒன்று. வீங்கிய திசுவில் அமிலத்தன்மை கூடியிருக்கும், அங்கே மரப்பு மருந்து சரியாக வேலை செய்யாது. நரம்பும் சாதாரண நிலையைவிட எளிதாகத் தூண்டப்படும். உதடு, நாக்கு எல்லாம் மரத்துப்போயிருக்கும், பல் மட்டும் மரக்காது. நோயாளி மிகைப்படுத்துகிறார் என்று அந்த நேரத்தில் யாரும் நினைக்கக் கூடாது. பல்லுக்கும் எலும்புக்கும் இடையில், அல்லது எலும்புக்குள்ளேயே கூடுதலாக ஊசி போட்டால் பெரும்பாலும் மரத்துவிடும். அதனால் முதல் நாளே மருத்துவரிடம் "போன முறை எனக்கு மரக்கவில்லை, மரத்துவிட்டது என்று நான் சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். வலித்தால் இடது கையைத் தூக்குவேன், உடனே நிறுத்த வேண்டும் என்றும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். கை தூக்கினால் நிறுத்துவார்கள் என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் இறங்கிவிடும். சிலருக்கு ஒரு மணி நேரம் முன்பே இபுப்ரோஃபென் கொடுத்தால் ஊசி நன்றாக வேலை செய்கிறது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து என்று எதுவானாலும் இருந்தால் கேட்காமல் எடுக்காதீர்கள்.

இன்னொரு விதத்தில் இப்போது உங்களுக்குச் சாதகம் இருக்கிறது. கூழ் செத்துவிட்ட பல்லில் சிகிச்சை செய்வது, துடிக்கிற பல்லில் செய்வதைவிட நோயாளிக்குப் பெரும்பாலும் லேசாகவே இருக்கும். ஒரு வேரில் செத்து இன்னொன்றில் கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கலாம், அதற்காக ஊசி போட்டுத்தான் செய்வார்கள். போன தடவை வலி உச்சத்தில் இருந்தபோது செய்தது வேறு, இது வேறு.

நாற்காலியில் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் நல்லது. மரத்ததும் அந்தப் பல்லை மட்டும் வெளியே நீட்டிவிட்டு மற்றதையெல்லாம் மறைக்கும்படி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டுவார்கள். 1864-இல் நியூயார்க் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் பார்னம் கொண்டுவந்த முறை இது, இன்றைக்கும் இதற்கு மாற்று வரவில்லை. எச்சிலில் இருக்கும் கிருமி பல்லுக்குள் போகாமலும், மருந்தும் சின்னக் கருவிகளும் உங்கள் தொண்டைக்குள் போகாமலும் அது தடுக்கும். "ரப்பர் ஷீட் போட்டுத்தானே செய்வீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். நான் நோயாளியாக உட்கார்ந்தால் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

அப்புறம் பல்லின் மேலே ஒரு துளை போட்டு, வேருக்குள் போகும் கால்வாய்களைத் தேடுவார்கள். கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் மூன்று கால்வாய்கள், நிறைய பேருக்கு நான்கு. சில சமயம் நான்காவது கால்வாயின் வாய் ஊசிமுனை அளவுகூட இருக்காது. உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பக்கத்துத் திசுவின் நிற வித்தியாசத்தை வைத்துத் தேட வேண்டியிருக்கும். அது விட்டுப்போனால் அதற்குள் கிருமி தங்கி, சில வருடம் கழித்து மறுபடி சீழ் கட்டும். சிகிச்சை தோற்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆகவே மருத்துவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டால் எரிச்சல்படாதீர்கள், அவர் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஃபைல் என்கிற மெல்லிய அரங்களால் கால்வாயை வழித்து அகலப்படுத்தி, கிருமியைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். கருவி போக முடியாத சந்துகளில் வேலை செய்வது அந்தக் கரைசல்தான். கடைசியில் கட்டாபெர்ச்சா என்கிற மரப்பாலில் இருந்து செய்த குச்சிகளை வைத்து அடைப்பார்கள். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு 19-ஆம் நூற்றாண்டில் உறையாகப் போட்ட அதே பொருள். ஒரே நாளில் முடிக்கலாம், இரண்டு மூன்று முறை வரச்சொல்லவும் செய்யலாம். உங்களைப் போல் சீழ் வடிகிற பல்லில் நடுவில் மருந்து வைத்து, கொப்புளம் வற்றியதைப் பார்த்துவிட்டு அடைக்கவே பல மருத்துவர்கள் விரும்புவார்கள்.

முடிந்த பிறகு இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிக்கும். இது பலரைப் பயமுறுத்துகிறது, "நரம்பையே எடுத்துவிட்டார்களே, எப்படி வலிக்கும்?" என்று கேட்பார்கள். எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பை. பல்லை எலும்போடு பிடித்துவைத்திருக்கும் நார்களுக்கு வேறு நரம்பு உண்டு, அவைதான் புண்பட்டு வலிக்கின்றன. நாளுக்கு நாள் குறைந்தால் கவலை இல்லை. குறையாமல் கூடினாலோ வீங்கினாலோ போன் செய்யுங்கள்.

இனி உங்கள் முதல் பல் ஏன் போனது என்ற கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இரண்டாவது பல்லும் அதே இடத்தில்தான் தப்பவோ போகவோ செய்யும். ரூட் கெனால் செய்தால் பல் காய்ந்து நொறுங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் பல்லைப் பலவீனப்படுத்துவது, சொத்தை தின்றதும் நாம் துளைத்ததும் சேர்ந்து பல்லில் இல்லாமல் போன பகுதிதான். கடைவாய்ப் பல்லின் மேல் மேடுகள் ஒவ்வொரு முறை மெல்லும்போதும் இரண்டு பக்கமும் விலகிப் பிளக்கப் பார்க்கும். நடுவில் பெரிய குழி விழுந்த பல்லில் அந்தச் சுவர்கள் தனியாக நிற்கின்றன. மரச் சக்கரத்தை இரும்புப் பட்டை இறுக்கிப் பிடிப்பதுபோல கேப் அவற்றைச் சுற்றிப் பிடிக்கிறது. முன்பற்களில் துளை சின்னதாக இருந்தால் கேப் இல்லாமலும் சமாளிக்கலாம், கடைவாய்ப் பல்லில் அப்படி விடக் கூடாது.

உடைவது மட்டும் பிரச்சினை இல்லை. மேலே வைத்த தற்காலிக ஃபில்லிங் சில வாரங்களுக்குத்தான் தாங்கும். அது தேய்ந்து ஓரம் விட்டால் எச்சில் உள்ளே இறங்கும், சுத்தம் செய்து அடைத்த கால்வாய்களில் மறுபடி கிருமி குடியேறும். அப்போதும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. சாதாரணப் பல்லில் சொத்தை ஆழமானால் கூச்சம் வந்து எச்சரிக்கும். ரூட் கெனால் செய்த பல்லில் எச்சரிக்க நரம்பே இல்லை. உங்கள் முதல் பல்லும் உடையும் வரை சத்தமில்லாமல் இருந்தது இதனால்தான். வேர் அடைப்பு முடிந்த நாளிலேயே நிரந்தர ஃபில்லிங் வைக்க முடியுமா என்று கேளுங்கள். கேப்புக்கான தேதியையும் அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். செலவு ஒரேயடியாகக் கட்டமுடியாது என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரூட் கெனாலுக்கு மட்டும் பணம் சேர்த்துவைத்து, கேப்பைப் "பிறகு பார்ப்போம்" என்று விடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. பாதி வேலைக்குக் கொடுத்த முழுப் பணமும் அந்தப் பல்லோடு போய்விடுகிறது.

நோய்களைக் கொண்டுவரும் என்று படித்தீர்களே, அந்தப் பேச்சுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1910-இல் மாண்ட்ரியாலில் வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் பேசிய பேச்சும், 1920-களில் வெஸ்டன் பிரைஸ் செய்த சோதனைகளும், பல்லில் ஒளிந்திருக்கும் கிருமிதான் மூட்டுவலியில் தொடங்கி எத்தனையோ நோய்களுக்குக் காரணம் என்று மருத்துவர்களை நம்பவைத்தன. கூட்டம் கூட்டமாகப் பற்களைப் பிடுங்கினார்கள். பிடுங்கியும் அந்த நோய்கள் தீரவில்லை. பின்னால் ஒழுங்காகக் கட்டுப்பாடு வைத்துச் செய்த ஆய்வுகள் அந்தச் சோதனைகளை ஏற்கவில்லை. ரூட் கெனால் புற்றுநோய் தரும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. கிருமியும் சீழுமாக ஒரு பல்லைச் சிகிச்சை செய்யாமல் வாயில் வைத்திருப்பதுதான் உடம்புக்குக் கெடுதல்.

பிடுங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. சில பற்களைக் காப்பாற்ற முயல்வதே வீண். பல்லைத் திறந்து பார்க்கும்போது அடித்தளத்தில் குறுக்கே ஒரு மெல்லிய பழுப்புக் கோடு தெரியும். அது வேர்வரை இறங்கிய விரிசலாக இருந்தால் எவ்வளவு நல்ல ரூட் கெனாலும் நிற்காது. கேப் பிடித்து நிற்க ஈறுக்கு மேல் பல்லே மிச்சமில்லை என்றாலும், சுற்றியுள்ள எலும்பு ஈறு நோயால் பெரும்பகுதி கரைந்திருந்தாலும் எடுத்துவிடுவதே நல்லது. ஆனால் எடுத்துவிட்டால் கதை முடிந்தது என்று வீட்டில் சொல்வதை ஏற்காதீர்கள். பக்கத்துப் பல் அந்த இடைவெளிக்குச் சாயும், மேலே எதிரில் இருக்கும் பல் கடிக்க ஆளில்லாமல் கீழே இறங்கும், எலும்பும் சுருங்கும். இரண்டு பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துக் கட்டும் பிரிட்ஜ் போட்டால் அந்த நல்ல பற்களைத் தேய்க்க வேண்டும், தாடை எலும்பில் பதித்துப் பொருத்தும் செயற்கைப் பல்லான இம்பிளான்ட் போட்டால் செலவும் காலமும் அதிகம். உங்களுக்கு வலது பக்கம் ஏற்கெனவே ஒரு பல் மெல்லப் பயன்படாமல் கிடக்கிறது. இடது பக்கமும் போனால் எந்தப் பக்கம் மெல்லுவீர்கள்? இதையும் யோசித்துத்தான் காப்பாற்றச் சொல்கிறேன். எலும்பு மெலிந்துபோகும் ஆஸ்டியோபோரோசிஸ் நோய்க்கு ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவராக இருந்தால் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவற்றில் சில மருந்துகளை எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள், கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஆறுவது தாமதமாகும்.

வலது பக்கத் துண்டையும் இதே வருகையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எச்சில் பட்டுக்கொண்டே இவ்வளவு காலம் திறந்து கிடந்த வேர் அடைப்பை அப்படியே நம்பி மேலே கேப் போட முடியாது, மறு ரூட் கெனால் தேவைப்படும். ஈறுக்கு மேல் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டராவது நல்ல பல் இருந்தால் முயன்று பார்க்கலாம். இல்லையென்றால் எடுத்துவிடுவதுதான் நேர்மையான யோசனை. வலி இல்லை என்று அதை மட்டும் விட்டுவைக்காதீர்கள்.

நாற்காலியில் உட்காரும்வரை இடது பக்கம் கெட்டியானது எதையும் கடிக்க வேண்டாம். கொப்புளத்தை நகத்தால் கிள்ளாதீர்கள், கன்னத்தில் ஒத்தடம் என்று சூடு வைக்காதீர்கள். வலி திரும்பி வந்தால் ஆஸ்பிரினை ஈறில் வைக்கவே கூடாது, சதை வெந்துபோகும். கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரத்துக்கு அடக்கும், அவ்வளவுதான். தாடைக்குக் கீழோ கழுத்திலோ வீக்கம் பரவினால், வாய் திறக்க முடியாவிட்டால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால் பல் மருத்துவருக்குப் போன் செய்துகொண்டிருக்க வேண்டாம், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தொண்டைப் பக்கம் இறங்கி மூச்சையே அடைக்கக்கூடும். ராத்திரி இரண்டு மணி ஆனாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது.

கேப் போட்ட பிறகு பராமரிப்பில் பெரிய வித்தை எதுவும் கிடையாது. கேப்புக்குச் சொத்தை வராது, கேப்பும் பல்லும் சேரும் ஓரத்தில் வரும். ஈறை ஒட்டி இருக்கும் அந்த ஓரத்தில்தான் பிரஷ் படாமல் போகிறது. மென்மையான பிரஷ்ஷை ஈறுப் பக்கம் சாய்த்து வைத்து மெதுவாகத் தேயுங்கள், பற்களுக்கு நடுவில் ஃபிளாஸ் நூலோ சின்ன இடைப்பல் பிரஷ்ஷோ தினமும் ஒருமுறை போக வேண்டும். ஃபுளோரைடு 1000-லிருந்து 1500 பிபிஎம் வரை உள்ள பேஸ்ட்டைக் காலையும் இரவும் பயன்படுத்துங்கள். தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர்விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். இனிப்பு எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதைவிட எத்தனை முறை சாப்பிடுகிறீர்கள் என்பது பல்லுக்கு முக்கியம். காலையில் எழும்போது தாடை கனக்கிறதா, தூக்கத்தில் பல் நறநறக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா என்றும் யோசித்துப் பாருங்கள். அப்படியானால் ராத்திரி பற்களின் மேல் போட்டுக்கொள்ளும் நைட் கார்டு என்கிற பாதுகாப்பு உறை இல்லாமல் கேப்பும் நிலைக்காது.

சிகிச்சை முடிந்த அன்று எடுக்கும் எக்ஸ்ரேயின் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ இன்னொன்று எடுத்து, வேர் நுனியில் இருந்த கறுப்பு நிழல் சுருங்கியிருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எலும்பு நிரம்புவது மெதுவாகத்தான் நடக்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். வலி இல்லை என்பதற்காக அந்த எக்ஸ்ரேயைத் தவறவிடாதீர்கள்.